முடிந்த வேலைகளின் சராசரி

சீடருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. குரு சீடரை சார் என்பார், சீடர் குருவை மேடம் என்பார். யார் யாரிடம் பாடம் கேட்கிறார் என்று துறையில் பலருக்கு முதல் வருடம் முழுக்கக் குழப்பம்தான்.

சீடர் குணாளன் கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் காலமெல்லாம் உற்பத்தித் திட்டம் போட்டவர். எந்த வேலை எந்த மெஷினுக்கு எப்போது போகவேண்டும் என்று முடிவுசெய்வது அவர் தொழில். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, தெரிந்த வித்தையை நாலு பேருக்கு உபயோகமாகும் இடத்தில் செய்து பார்க்கலாம் என்று ஆராய்ச்சிக்கு வந்தார். நல்ல மனிதர். அதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், போகப்போக அது மறந்துவிடும்.

குரு, பேராசிரியை சுகிர்தா. தொழிலகப் பொறியியலில் வரிசைகளைப் பற்றியே யோசித்துக் கொண்டிருப்பவர். அதிகம் பேசமாட்டார்.

ஊருக்கு வெளியே ஓர் அறக்கட்டளை செயற்கைக் கால் செய்து தரும் கூடம் ஒன்றை நடத்தி வந்தது. குணாளன் அதை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர், கால் வேண்டியவர்கள் ஏராளம். காலைக் கட்டும் பட்டை அறுந்தவர், பாதம் தேய்ந்தவர், புதுக் கால் வேண்டியவர் எல்லோருக்கும் ஒரே வரிசை. பெரிய வேலை ஒன்று நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டால், பின்னால் இருக்கும் சின்ன வேலைகள் எல்லாம் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

குணாளன் ஒரே ஒரு விதியைத்தான் மாற்றினார். எந்த வேலை சீக்கிரம் முடியுமோ அது முதலில். இது ஒன்றும் புதிதல்ல. அந்தப் படிப்பில் சேர்ந்த பிள்ளைகள் முதலில் கற்கும் விதிகளில் ஒன்று. கையில் இருக்கும் வேலைகளின் சராசரிக் காத்திருப்பை இதைவிடக் குறைக்க முடியாது என்பதற்கு நிரூபணமே இருக்கிறது. சுகிர்தா எல்லாவற்றையும் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தார்.

ஆடி முடிவதற்குள் சராசரி பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பட்டை மாற்ற வந்தவர் அன்றைக்கே மாற்றிக்கொண்டு பஸ் ஏறினார். கூடத்தில் வேலை செய்தவர்களுக்கே நம்ப முடியவில்லை. அறக்கட்டளைச் செயலாளர் பொன்னாடை போர்த்தினார். இருவர் பெயரிலும் எழுதிய கட்டுரை ஒரு மாநாட்டுக்குத் தேர்வானது.

மாராத்தாள் அந்த வரிசையில்தான் இருந்தார்.

பொள்ளாச்சிப் பக்கம் கயிறு மில்லில் வேலை பார்த்தவர். லாரி மோதி வலது கால் இடுப்போடு போய்விட்டது. ஒரு தோளும் நொறுங்கியதால் கட்டை ஊன்றி நடக்கவும் முடியவில்லை. இடுப்போடு போன காலைச் செய்வது லேசான காரியமில்லை. இடுப்பைச் சுற்றி அச்சு எடுக்க வேண்டும், இடுப்புக்கும் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் மூட்டு வைக்க வேண்டும், போட்டுப் பார்த்துப் பார்த்துத் திருத்த வேண்டும். அந்தக் கூடத்தில் அதைவிட நீளமான வேலை கிடையாது.

ஆகவே அவர் கடைசியில் இருந்தார். தினமும் காலையில் யாராவது ஒருவர் அறுந்த பட்டையோடு வந்தார். மாராத்தாள் தொடர்ந்து கடைசியிலேயே இருந்தார்.

குணாளன் அவரை ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறார். மகன் சென்னியப்பன் அம்மாவை ஆட்டோவிலிருந்து தூக்கிவந்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு விசாரிக்கப் போயிருந்தான். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய குணாளனைப் பார்த்ததும் அந்த அம்மாள் பெரிய அதிகாரி என்று நினைத்துக்கொண்டார்.

"ஏனுங் சார், என்ற காலு எப்பங்க ஆகும்?"

சீக்கிரம் ஆகிவிடும் என்றார் குணாளன். மாராத்தாள் மகன் போன பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"நடக்கோணும்னுகூட இல்லீங்க. பையந்தான் என்னையத் தூக்கிட்டுப் போயி கக்கூஸ்ல உக்கார வெக்கறான். கண்ணாலம் ஆகாத பையனுங்க. அது ஒண்ணு நின்னாப் போதுமுங்க."

குணாளனுக்கு மனது கலங்கிவிட்டது. கட்டாயம் பார்க்கிறேன் என்று சொன்னார். சொன்னபடி பார்க்கவும் செய்தார். விதிப்படி அந்த அம்மாள் இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் காலை, சென்னியப்பன் முதல் ஷிப்டுக்குப் போனபிறகு, மாராத்தாள் பக்கத்து வீட்டாரைக் கூப்பிடாமல் தானே எழுந்து போகப் பார்த்திருக்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டு புழக்கடைப் படிவரை போயிருக்கிறார். படி ஈரமாக இருந்தது. விழுந்தவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை.

காரியம் எல்லாம் முடிந்தபிறகு சென்னியப்பன் கூடத்துக்கு ஃபோன் செய்தான். அம்மா பேரை எடுத்துவிடுங்கள், அந்த முறை வேறு யாருக்காவது ஆகட்டும் என்றான். யார்மேலும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் குணாளனுக்குக் கொஞ்சம் தாங்கக்கூடியதாக இருந்திருக்கும்.

அன்று அவர் சராசரியை எடுத்துப் பார்த்தார். அது அசையவே இல்லை.

ஏன் என்று அவருக்குச் சட்டென்று புரிந்தது. ஒரு வேலை முடிந்தால்தான் அதன் காத்திருப்பைக் கணக்கில் சேர்ப்பது வழக்கம். பம்பு கம்பெனியில் அப்படித்தான் செய்தார், இங்கேயும் அப்படியே செய்தார். முடியாத வேலைக்குக் காத்திருப்பே கிடையாது. மாராத்தாள் உட்கார்ந்திருந்த அத்தனை மாதங்களில் ஒரு நாள்கூட அந்த எண்ணுக்குள் போகவில்லை. பெயரை எடுத்துவிட்டதால் இனிப் போகப்போவதும் இல்லை. மாநாட்டுக்குப் போகும் எண் அப்படியே அழகாக இருந்தது. குணாளன் அழுதார்.

மறுநாள் காலை சுகிர்தாவின் அறைக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். மாராத்தாள் என்று ஒருவர் இருந்ததே சுகிர்தாவுக்கு அப்போதுதான் தெரியும். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"விதி சரி மேடம். நிரூபணம் சரி. எண்ணும் சரி. அப்புறம் எப்படி மேடம் அந்தம்மா செத்தாங்க?"

சுகிர்தா எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

"பெரிய கேள்வி சார். வெளிய உக்காருங்க. சின்னச் சின்ன வேலைய எல்லாம் முடிச்சிட்டுக் கூப்பிடறேன்."

குணாளன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். கையெழுத்து வாங்க ஒரு மாணவி வந்தாள். லீவு கேட்க ஒருவன் வந்தான். ஆய்வகச் சாவிக்கு ஒருவர், தேர்வுத் தேதி கேட்க இன்னொருவர். எல்லோரும் அவரிடம் ஒரு நிமிஷம்தான் சார் என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். உண்மையில் ஒரு நிமிஷம்தான் ஆனது. அவருக்கு யாரும் எந்தக் கெடுதலும் செய்யவில்லை.

குரு என்ன செய்கிறார் என்பது மதியத்துக்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. குணாளனுடைய விதியையே அவர்மேல் போட்டுப் பார்க்கிறார். முதலில் கோபம் வந்தது. இந்த வயதில் இப்படி உட்காரவைப்பதா என்று எழுந்து போய்விட நினைத்தார். பிறகு மாராத்தாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசியது நினைவுக்கு வந்தது, போகவில்லை. சாயங்காலம் ஆக ஆக, கதவு திறக்கும்போதெல்லாம் தன் பெயரைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று நிமிர்ந்து பார்த்தார். அப்படி நிமிர்ந்து பார்ப்பது அவருக்கே அவமானமாக இருந்தது.

விளக்கு போடும் நேரத்தில் சுகிர்தா பூட்டும் கையுமாக வெளியே வந்தார். கதவைப் பூட்டினார். போகாமல் பெஞ்சில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கண்கள் சிவந்திருந்தன. கதவுக்கு அந்தப் பக்கம் அவருக்கும் அன்றைய பகல் லேசாகப் போகவில்லை.

"கட்டுரைய வாபஸ் வாங்கிக்கலாம் மேடம்" என்றார் குணாளன்.

"நான் மத்தியானமே எழுதிட்டேன். என் பேரும்தானே அதுல இருக்கு."

வராந்தாவில் வேறு யாரும் இல்லை. குணாளன் அவர் பக்கம் திரும்பினார்.

"அந்தம்மா எப்படிக் காத்துக்கிட்டிருந்திருப்பாங்கன்னு இன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டேன் மேடம்."

சுகிர்தா சாவியைப் பையில் போட்டார். சொல்ல வேண்டாம் என்றுதான் அவருக்கு இருந்தது. பிறகு, அவர் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார்.

"இல்லைங்க சார். நடுவுல நீங்க எந்திரிச்சு பாத்ரூம் போயிட்டு வந்தீங்க."