கட்டில் தாம்பூலம்

வெண்ணிமலைச் சீமையில் மழைக்குத்தான் பஞ்சம், சட்டத்துக்குப் பஞ்சம் கிடையாது. ராஜா பூவராக பூபதி நல்ல மனிதர். மந்திரி பஞ்சநதர் எதை நீட்டினாலும் படிக்காமல் முத்திரை வைத்துவிடுவார். அவ்வளவு நல்ல மனிதர்.

அந்த ஊரில் வீட்டைக் காலி செய்கிறவர்கள், பழைய சாமான்களை வாசலில் பரப்பி வைத்து விற்பார்கள். தெருவே கூடிவிடும். ஓட்டை அண்டாவுக்குக்கூட ஆள் கிடைக்கும். இதனால் யாருக்கும் நஷ்டமில்லை, மந்திரியின் மைத்துனரைத் தவிர. கடைவீதியில் அவருக்குப் பாத்திரக்கடை இருந்தது. மைத்துனர் அக்காளிடம் அழுதார். அக்காள் மந்திரியிடம் அழுதாள். மறுநாளே சட்டம் வந்துவிட்டது.

குடியிருக்கும் தெருவில் சாமான் விற்பவர்கள் அதைத் தெருவில் வைக்கக் கூடாது. வாங்க வருகிறவர்கள் வீட்டுக்குள் நுழையக் கூடாது. கூவக் கூடாது, பலகை மாட்டக் கூடாது. முன் அனுமதி பெற வேண்டும். அனுமதி கொடுக்க ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும். அந்த அதிகாரியை இன்னும் நியமிக்கவில்லை.

இதில் வசமாக மாட்டிக்கொண்டவள் செங்கமலம். புருஷன் இல்லாதவள். அவளுடைய ஒரே மகள் ஆற்றுக்கு அப்பால் நிறைமாதமாக இருந்தாள். தலைப்பிரசவம், பார்த்துக்கொள்ள வேறு நாதியில்லை. மறுநாள் சாயங்காலம் உப்பு வண்டிகள் அந்தப் பக்கம் கிளம்புகின்றன. அதை விட்டால் அடுத்த வண்டி எப்போது என்று வண்டிக்காரனுக்கே தெரியாது. வழிச்செலவுக்கும் பிரசவச் செலவுக்கும் அவளிடம் இருந்தது வீட்டுச் சாமான்தான். வாசலில் வைத்தாள். காவலர்கள் வந்து விரட்டினார்கள். மந்திரி மைத்துனரின் கடைக்கு வெண்கல உருளியைத் தூக்கிக்கொண்டு போனாள். அவர் உருளியைத் தட்டிப் பார்த்துவிட்டு, வண்டிக்கூலிக்குக்கூடக் காணாத விலை சொன்னார்.

அவள் நேராக அரசவை விகடகவி விடங்கர் வீட்டுக்குப் போனாள்.

"அய்யா, பொண்ணு ஒத்தையில கெடக்கறா. நான் என்னங்க பண்ணுவேன்?"

விடங்கர் எல்லாவற்றையும் கேட்டார். "விக்கறதுக்குத்தானே சட்டம்? நீ விக்காதே தாயி. நாளைக்கு உன் வீட்ல விசேஷம் வையி."

"என்ன விசேஷமுங்க?"

"மகளுக்கு நல்லபடியாப் பிரசவம் ஆகணும்னு வேண்டுதல். பானகம் கரைச்சு வையி. தெருவுக்குச் சொல்லி அனுப்பு. வர்றவங்க மொய் வைப்பாங்க. மொய் வெச்சவங்களை வெறுங்கையோட அனுப்பலாமா? தாம்பூலம் குடுக்கணும் இல்லையா?"

செங்கமலத்துக்குப் புரிந்தது. தெருவுக்கு அதைவிடச் சீக்கிரம் புரிந்தது.

மறுநாள் காலையில் அவள் வீட்டில் நல்ல கூட்டம். பானகம் குடித்தார்கள், தட்டில் மொய் வைத்தார்கள், தாம்பூலம் வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தி வெற்றிலையோடு உருளியை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். இன்னொருத்திக்கு வெற்றிலை பாக்கோடு அம்மி. கடைசியில் ஓர் ஆள் கட்டிலைத் தலையில் சுமந்து வெளியே வந்தான்.

காவலன் மறித்தான். "என்னய்யா இது?"

"தாம்பூலமுங்க."

காவலன் மந்திரியிடம் ஓடினான். மத்தியானத்துக்குள் கட்டில், உருளி, அம்மி, மொய்த்தட்டு எல்லாம் அரண்மனைக்கு வந்துவிட்டன. கூடவே செங்கமலமும். வண்டி போய்விடுமே என்று வெயில் சாய்வதையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மன்னா, இவள் சட்டத்தை ஏமாற்றினாள். மொய்த்தட்டையும் சாமானையும் கருவூலத்தில் சேர்க்க வேண்டும்" என்றார் பஞ்சநதர்.

"விசேஷ வீட்டில் மொய் வாங்குவது குற்றமா?" என்று கேட்டார் விடங்கர்.

"இது விசேஷமா? ஒருவர் வீட்டு வாசலுக்கு வருகிறார். தட்டில் எதையோ வைக்கிறார். பதிலுக்கு, தனக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு போகிறார். இதற்குப் பெயர் வியாபாரம். பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும்."

விடங்கர் பவ்வியமாகத் தலையாட்டினார். "மந்திரியார் சொல்வதுதான் நியாயம். மன்னா, அப்படியானால் உடனே காவலர்களை மந்திரியார் வீட்டுக்கும் அனுப்ப வேண்டும்."

"எதற்கு?" என்றார் ராஜா.

"அதுவும் குடியிருக்கும் தெருதான். விடிந்தால் வாசலில் கூட்டம். ஒருவர் தட்டில் பட்டு வைக்கிறார், மணியக்காரர் வேலை வாங்கிக்கொண்டு போகிறார். இன்னொருவர் வாழைத்தார் வைக்கிறார், சுங்கச்சாவடி அவருக்குக் கிடைக்கிறது. மரியாதைக்கு வருகிறார்கள் என்று இதுநாள் வரை நினைத்திருந்தேன். வியாபாரம் என்று இப்போதுதான் மந்திரியார் விளக்கினார்."

மந்திரிக்கு வியர்த்துக் கொட்டியது.

ராஜா அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு விஷயத்தைக் கவனித்துக் கேட்டார். "பஞ்சநதரே, யோசித்துச் சொல்லும். இந்த அம்மாள் வீட்டில் நடந்தது வியாபாரமா, விசேஷமா?"

"விசேஷம் மன்னா" என்றார் மந்திரி. "சந்தேகமே வேண்டாம். நல்ல விசேஷம். எனக்குத்தான் சொல்லி அனுப்பவில்லை."

"சொல்லாவிட்டால் என்ன? நீரும் மொய் வையும்" என்றார் ராஜா.

பஞ்சநதர் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றித் தட்டில் வைத்தார். செங்கமலம் வெற்றிலை பாக்கு மட்டும் கொடுத்தாள். சாமான்கள் வாங்கியவர்களுக்கே திரும்பிப் போயின. ராஜா அந்தச் சட்டத்தைக் கிழித்தெறிந்து, அரண்மனை வண்டியிலேயே அவளை மகளிடம் அனுப்பி வைத்தார். வண்டி ஏறும்போது அவள் அழுதேவிட்டாள்.

பிறகு ராஜா விடங்கருக்குச் சால்வை போர்த்தினார். "அது சரி, மந்திரி வீட்டு வாசலில் நடப்பது உமக்கு எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும்?"

"அடியேனுக்கு இந்த விகடகவி வேலை கிடைத்ததே அந்த வாசலில்தானே மன்னா. ஒரு பலாப்பழம் வைத்தேன்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் மந்திரியைப் பார்த்துச் சொன்னார்: "பஞ்சநதரே, ஆயிரம் வியாபாரம் செய்திருப்பீர். இந்தப் பலாப்பழ வியாபாரத்தில் மட்டும் உமக்குப் பெருத்த நஷ்டம்."