ஜிலேபிக் கெண்டையின் முன்மூளை

“இல்லாத ஒண்ணைக் காட்டுன்னா நான் எங்க போய்க் காட்டுவேன் மேடம்?”

தேவசகாயம் ஆய்வேட்டை மேசைமேல் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. மைக்கூடு குதித்தது.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. இருபத்தாறு ஆண்டுகளாகக் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர். முனைவர் பட்டத்துக்குப் பகுதிநேர மாணவர். வழிகாட்டி மெஹருன்னிசாவுக்கு முப்பத்தேழு. பழைய வழிகாட்டி ஓய்வுபெற்றுப் போனதால் எட்டு மாதங்களுக்கு முன் வந்து வாய்த்தவர்.

ஏப்ரல் முப்பதுக்குள் மெஹருன்னிசா கையெழுத்துப் போடாவிட்டால் பதிவு ரத்து. கேட்கக்கூடிய நீட்டிப்பெல்லாம் கேட்டாகிவிட்டது. இன்னும் ஆறு வாரம்.

கையெழுத்தைத் தடுத்தது நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம்: ‘எலும்பு மீன்களின் முன்மூளையில் நினைவுக்கான பகுதி இல்லை.’

எலும்பு மீன் என்றால் குழம்பில் நம்மை முள் பொறுக்க வைக்கிற மீன் என்று கொள்க. சுறாவும் திருக்கையும் இதில் சேரா.

“இல்லையா சார்?” என்றார் மெஹருன்னிசா.

“இல்லை.”

மெஹருன்னிசா எழுந்து மீன்தொட்டி அருகே போனார். தீனி டப்பாவைக் கையில் எடுத்தார். திறக்கவில்லை.

பதினாலு ஜிலேபிக் கெண்டைகளும் வலது மூலைக்கு ஓடிவந்து வாயைப் பிளந்தன.

“இந்த மூலையிலதான் சோறுன்னு இதுங்களுக்கு யார் சொன்னா?”

“அது பழக்கம் மேடம்.”

“சரி. பழக்கத்தை எங்க வெச்சிருக்கு?”

தேவசகாயம் பல்லைக் கடித்தார். கேள்வி கேட்டால் கேள்வியே பதிலாக வருகிறது. இதற்குச் சம்பளம் வேறு.

எலியின் முன்மூளையில் அவருக்கு எல்லாம் அத்துப்படி. இடப்பாதியும் வலப்பாதியும் நடுவில் ஒன்றையொன்று பார்க்கிற ஓரத்தில், செல்கள் மணி கோத்ததுபோல வளைந்து கிடக்கும். நினைவுக்கு அதுதான் வீடு. கெண்டையிலும் அதே நடுவைத்தான் தேடினார். நான்கு ஆண்டு, நானூற்றுப் பதினாறு மூளைச் சீவல், ஒவ்வொன்றுக்கும் ஊதாச் சாயம்.

நடுவில் வேறு செல்கள்தான் இருந்தன. அவை பயத்துக்கும் பதற்றத்துக்கும் உரியவை என்பார்கள் விவரமறிந்தவர்கள். அன்றைக்குத் தேவசகாயத்திடம் அவை இரண்டும் போதுமான அளவு இருந்தன.

“ஒரு மீன் அறுங்க சார். பார்க்கிறேன்.”

“என்னையா? அறுத்துக் காட்டச் சொல்றீங்க?”

“ஆமா.”

அறுப்பதில் மட்டும் அவரை அசைக்க முடியாது. ‘அறுவை சுத்தமா இருந்தா பாதி மார்க்கு வந்தாச்சு’ என்று இருபத்தாறு வருட மாணவர்களுக்குச் சொன்னவர். பனித்தண்ணீரில் அடங்கிய கெண்டையை எடுத்தார். மண்டையோட்டை வெட்டினார். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய இரண்டு மேடுகள் தெரிந்தன. முன்மூளை.

அதன்மேல் சவ்வு ஒன்று படிந்திருந்தது. பால் ஆறினால் படிகிற ஆடையில் பத்தில் ஒரு பங்குகூட இராது. வழக்கம்போல இடுக்கியால் அதைப் பிடித்தார்.

மெஹருன்னிசா அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

“என்ன மேடம்?”

“என்ன எடுக்கிறீங்க?”

“அழுக்கு.”

“இன்னைக்கு இருந்துட்டுப் போகட்டும்.”

“அழுக்கோட எப்படி மேடம் பார்க்கிறது? முதல் வருஷப் பையன் இப்படி வெச்சா நான் பூஜ்யம் போட்டிருப்பேன்.”

“எனக்குப் போடுங்க.”

மெஹருன்னிசா ஒரு சொட்டு நீலச் சாயம் விட்டார். சவ்வு துலங்கியது. “இது எங்க போய் ஒட்டுதுன்னு பாருங்க.”

எங்கே ஒட்டும்? எலியில் ஒட்டுகிற இடத்தில்தான், நடுவில். தேவசகாயம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, ஊசிமுனையால் சவ்வின் அடியில் மெல்லப் போனார்.

நடுவில் ஒட்டவில்லை. ஊசி தடையின்றிப் போனது. மேட்டில் ஏறியது. மேட்டைக் கடந்தது. மறுபக்கச் சரிவில் இறங்கியது. வெளி ஓரத்தின் கடைசிக்குப் போய் நின்றது.

அங்கே ஒட்டியிருந்தது.

“இந்த மீனுக்கு ஏதோ கோளாறு மேடம்.”

மெஹருன்னிசா கும்பிடுவதுபோல இரு கைகளையும் சேர்த்தார். கட்டைவிரல்கள் இரண்டும் நடுவில் ஒட்டி நின்றன. பிறகு, சுண்டுவிரல்கள் பிரியாமல், உள்ளங்கைகளை மெதுவாக மேல்நோக்கித் திறந்தார்.

கையேந்தித் துஆ கேட்பவர்போல அப்படியே நின்றார்.

தேவசகாயம் அந்தக் கைகளைப் பார்த்தார். தன் கைகளைச் சேர்த்தார். திறந்தார். மறுபடி சேர்த்தார்.

நடுவில் இருந்த கட்டைவிரல்கள் இப்போது இரண்டு கோடியில் இருந்தன.

“மேடம்.”

“சொல்லுங்க சார்.”

“மீனோட முன்மூளை வெளிப்பக்கமாப் புரண்டு வளருதுன்னு…”

“நாலாம் பக்கத்துல எழுதியிருக்கீங்க. ஏழு மேற்கோளோட. நல்லா வந்திருக்கு.”

தேவசகாயம் அலமாரியைத் திறந்து சீவல் பெட்டிகளை இறக்கினார். நடுவைப் பார்க்கவில்லை. ஓரத்தை மட்டும் பார்த்தார். முதல் கண்ணாடித் தகடு. பத்தாவது. நூறாவது. எல்லாவற்றிலும், நினைவின் வீடு இருக்கவேண்டிய அந்த வெளி ஓரம் பிய்ந்திருந்தது. சவ்வை உரித்தபோது அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு துணுக்கு போயிருந்தது, இடப்பக்கமும் வலப்பக்கமும், ஒன்றுபோல, நான்கு ஆண்டுகளாக.

வெகுநேரம் நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. கடைசித் தகட்டையும் பெட்டியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“எட்டு மாசமாச் சும்மா பார்த்துட்டு இருந்திருக்கீங்க. வந்த முதல் நாளே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா மேடம்?”

“சொல்லத்தான் வந்தேன் சார்,” என்றார் மெஹருன்னிசா. “அன்னைக்கு நீங்க எனக்கு மீன் அறுக்கச் சொல்லிக் குடுத்துட்டு இருந்தீங்க.”