விசிறிக்காரி சொன்ன ஏரிச் சேதி

மதிய வேளையில் அரசரின் சபை பாதிக் கனவாகத்தான் இருக்கும். செங்கமலம் வெட்டிவேர் விசிறியை வீச வீச, ஈரக் காற்றில் தூண்கள்கூட மிதப்பதுபோலத் தோன்றும்.

பெரிய ஏரியின் கரை கசிந்துகொண்டிருந்தது. அரசர் உத்தரவில்லாமல் மதகைத் திறக்க முடியாது. அமைச்சர் குணவீரர் மூன்று நாளாக ஓலைக்கட்டை விரித்து, "சூரிய குலத் திலகமே" என்று தொடங்குவார். ஏரி வெட்டிய பாட்டனாரின் புகழை அவர் முடிப்பதற்குள் அரசர் உறங்கிப்போவார். ஏரிக்குக் கீழேதான் செங்கமலத்தின் ஊர். அவள் கண்ணுக்குள் கூரைகள் மெல்ல மெல்ல மிதந்து போயின.

மூன்றாம் நாளும் அரசர் உறங்கிப்போனதும், அவள் அமைச்சரிடம் கேட்டாள்: "ஐயா, நான் சொல்லிப் பார்க்கட்டுமா?"

அமைச்சர் சிரித்தார். "சொல்லேன். அரசர் மறுபடி கண்ணயர்ந்தால் உன் வேலை போச்சு."

அவள் விசிறியை நிறுத்தினாள். காற்று நின்றதும் அரசர் விழித்தார்.

"மகாராஜா, ஏரிக்கரை நாளை வரை தாங்காது. கீழே நானூறு வீடு இருக்கிறது. மதகைத் திறக்க உத்தரவு கொடுங்கள்."

"உடனே திறக்கச் சொல்!" அரசர் எழுந்தே விட்டார். ஆட்கள் ஓடினார்கள். "குணவீரரே, மூன்று நாளாக இதைத்தானா சொல்லிக்கொண்டிருந்தீர்?"

அமைச்சர் ஓலைக்கட்டைச் சுருட்டிக்கொள்ள, அரசர் செங்கமலத்தின் பக்கம் திரும்பினார்.

"இப்படிப் பேச எங்கே அம்மா கற்றாய்?"

"இங்கேதான், மகாராஜா. எந்தெந்தச் சொல்லுக்கு உங்கள் கண் சொருகும் என்று பன்னிரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அதையெல்லாம் விட்டுவிட்டேன். மிச்சம் இவ்வளவுதான் இருந்தது."