மருதமரத்தின் புதுச் சட்டம்

காட்டு ஓடைக்கரையில் ஒரு பெரிய மருதமரம் நின்றது. விலங்குகளும் பறவைகளும் அதன் அடியில் கூடி ஊர்க்கதை பேசும். இந்த ஏற்பாட்டைச் செய்தது ஒரு மரங்கொத்தி.

ஏற்பாடு எளிமையானது. யார் வேண்டுமானாலும் மரத்தடியில் நின்று ஒரு சேதி சொல்லலாம். சேதி பிடித்திருந்தால் கேட்பவர்கள் ஆளுக்கொரு கிளையை உலுக்குவார்கள். கிளை எட்டாத முயல் போன்றவர்களுக்குக் கொடி கட்டித் தொங்கவிட்டிருந்தது மரங்கொத்தி. பத்துக் கிளை ஆடினால் போதும். கிளிகள் கிளம்பிப்போய் அந்தச் சேதியைக் காடு முழுக்கக் கத்திவிட்டு வரும்.

தினமும் கூட்டம் அலைமோதியது. மரங்கொத்திக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களா, நான் செஞ்ச மரம்!" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டது. மரத்தைச் செய்தது மரங்கொத்தி இல்லைதான். அதைப் போய் யார் சொல்வது?

ஒருநாள் காலையில் மயில் வந்தது. நல்ல மயில்தான். நாலு பேர் பாராட்டினால் மட்டும் கொஞ்சம் புத்தி பிசகிவிடும்.

"குளத்துத் தண்ணி கறுப்பா இருக்கு" என்றது மயில்.

இரண்டே கிளைகள் ஆடின. மயிலின் முகம் வாடிவிட்டது.

"தண்ணி தானா கறுக்குமா? யாரோ கெடுத்திருக்காங்க!"

ஏழு கிளைகள் ஆடின. மயில் தோகையை விரித்தது.

"வேற யாரு? நாள் பூரா அந்தக் குளத்துலயே கிடக்குதே நீர்நாய், அதுதான்!"

மரமே ஆடியது! இலைகள் கொட்டோ கொட்டென்று ஓடையில் கொட்டின. கிளிகள் பறந்தன.

மாலைக்குள் சேதி கொழுத்துவிட்டது. "நீர்நாய் குளத்துல விஷம் கலக்குது! நாளைக்கு உச்சிவேளைக்குள்ள அது காட்டை விட்டுப் போகணும்!" கெடு வைத்தது யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோரும் கிளையை உலுக்கியிருந்தார்கள்.

நீர்நாய் ஈரம் சொட்டச் சொட்ட ஓடிவந்தது.

"ஐயா, என் குட்டிங்க இன்னும் கண்ணே தொறக்கல! ரெண்டையும் தூக்கிட்டு நான் எங்க போவேன்? நானும் அந்தத் தண்ணியத்தானே குடிக்கிறேன்? குடிக்கிற தண்ணியில நானே விஷம் வைப்பேனா?"

நியாயமான பேச்சு. ஒரு கிளைகூட ஆடவில்லை. நியாயத்தில் என்ன சுவாரசியம் இருக்கிறது? கிளிகள் அலகை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நீர்நாய் அழுதுகொண்டே திரும்பிப் போனது.

மரங்கொத்திக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

"அந்த மயிலைத் துரத்திவிடு. எல்லாம் சரியாயிடும்" என்றது யானை.

"மயில் போனா அந்த இடத்துல ஒரு காக்கா வந்து நிக்கும், அண்ணே. கத்துறவங்களுக்குத்தான் கிளை ஆடும்ங்கிற மாதிரி ஏற்பாடு பண்ணினது நான். தப்பு என்னோடது!"

மரங்கொத்தி பட்டையைக் கொத்திக் கொத்தி யோசித்தது. அதற்குத் தெரிந்த யோசனை அப்படித்தான்.

மறுநாள் விடிந்ததும் கூட்டத்தின் முன்னால் வந்து நின்றது.

"இன்னையிலேருந்து புதுச் சட்டம்! இங்க பேசணும்னாலும் கிளையை உலுக்கணும்னாலும் முதல்ல குளத்துக்குப் போயி ஒரு வாய் தண்ணி கொண்டுவந்து இந்த வேர்ல ஊத்தணும். இல்லேன்னா கிளிங்க பறக்காது!"

"பறக்கவே மாட்டோம்!" என்றன கிளிகள். கத்திக் கத்தி அவற்றுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

எல்லோரும் முணுமுணுத்தபடி குளத்துக்கு நடந்தார்கள். குரங்கு வாய் நிறையத் தண்ணீர் எடுத்தது. வழியில் இன்னொரு குரங்கைப் பார்த்ததும் திட்ட வாயெடுத்தது. தண்ணீர் தொண்டைக்குள் போய்விட்டது. மறுபடி போனது, மறுபடி விழுங்கியது. மூன்றாவது முறை, எதற்காகத் திட்ட வந்தோம் என்பதே மறந்துபோய் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டது.

யானை தும்பிக்கை நிறையக் கொண்டுவந்தது. "எனக்கு நாற்பது கிளை!"

"எவ்வளவு கொண்டுவந்தாலும் ஒரு கிளைதான், அண்ணே!" என்றது மரங்கொத்தி.

மயிலும் குளத்துக்குப் போனது. அலகை விட்டால் தண்ணீர் வரவில்லை, அழுகிய இலைதான் வந்தது. "த்தூ!" என்று துப்பிவிட்டு நிமிர்ந்து பார்த்தது. குளம் நெடுக இலை. நடுவில் நீர்நாய், வாய் நிறைய இலையைக் கவ்வி இழுத்துக் கரையேற்றிக்கொண்டிருந்தது.

"என்னக்கா பண்றீங்க?"

"இலைய அள்ளுறேன். ஒரு மாசமா அள்ளுறேன். இது அழுகித்தான் தண்ணி கறுக்குது. அள்ள அள்ள ஓடையில வந்துக்கிட்டே இருக்கு. இன்னைக்கு உச்சிவேளைக்கு நான் போயிட்டா அப்புறம் இதை யாரு அள்ளுவா?"

மயில் ஓர் இலையைப் புரட்டிப் பார்த்தது. மருத இலை! அதற்கு வெட்கமாகிவிட்டது. ஒரு வாய் தண்ணீரைச் சிந்தாமல் கொண்டுவந்து வேரில் ஊற்றியது.

"நான் சொன்னது தப்பு! தண்ணிய கெடுத்தது நீர்நாய் இல்ல. நாமதான். நாம உலுக்கி உலுக்கிக் கொட்டின இலை!"

யாரும் கத்தவில்லை. தண்ணீருக்குப் போனவர்கள் எல்லோரும் அந்த இலையைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். முயல் தன் பங்குத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கொடியைப் பிடித்தது. உலுக்கினால் இலை கொட்டுமே என்று பயந்து கையை எடுத்துக்கொண்டது.

"சரி, குளத்துல கிடக்கிற இலைய எப்படி அள்ளுறது?" என்று கேட்டது.

பதில் தெரிந்துகொள்வதற்காக அந்த மரத்தடியில் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான். யானை ஒரு வழி சொன்னது. அது சரிவராது என்றது அணில், ஏன் என்றும் சொன்னது. இரண்டையும் சேர்த்து, கொடிகளை வலையாகப் பின்னி அள்ளலாம் என்று மூன்றாவதாக ஒரு வழியைக் கண்டுபிடித்தது முயல். இந்த முறை கிளை ஆடட்டும் என்று காத்திருக்காமல் கிளிகள் சந்தோஷமாகப் பறந்துபோய் அதைக் காட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டு வந்தன.

உச்சிவேளை வந்தபோது காடே குளத்துக்குள் இறங்கி இலை அள்ளிக்கொண்டிருந்தது. மயில் தலைகுனிந்தபடி நீர்நாயிடம் வந்தது.

"அக்கா, என்னை மன்னிச்சிருங்க. நீங்க எங்கயும் போக வேணாம்."

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும், முதல்ல வலைய அந்தப் பக்கம் பிடி!" என்றது நீர்நாய்.

கூச்சலுக்குப் பரிசு கிடைக்கும் இடத்தில் நல்லவர்களும் கூச்சல்தான் போடுவார்கள். போய்ப் பார்க்கவும் யோசிக்கவும் நேரம் கிடைத்தால் அவர்களே நியாயமாகப் பேசுவார்கள்.