கயிறு விழுந்த வரி

"இந்த ஜனங்கள் ஏட்டுக்குக் கட்டுப்படுகிறார்களா, உங்கள் குரலுக்குக் கட்டுப்படுகிறார்களா, ஐயா?" என்று கேட்டான் செங்கோடன்.

ஆசான் நல்லமுத்தருக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது. பதிலுக்கு, இன்று நீயே வாசி என்று சைகை காட்டி ஏட்டை எடுத்து அவன் கையில் வைத்தார்.

அந்த மலை மடத்தில் தினமும் காலையில் ஆசான் கண்ணை மூடிக்கொண்டு ஏட்டுக்குள் கயிறு சாத்துவார். கயிறு விழுந்த வரியைத் திரைக்குப் பின்னால் இருந்து வாசிப்பார். அன்றைக்கு அதுதான் சட்டம். மடத்துக்கும் சரி, மலையிலுள்ள இரண்டு ஊருக்கும் சரி.

சீடன் செங்கோடன் சும்மா வாசிப்பானா? காக்கையிலிருந்து கணக்குப்பிள்ளை வரை அவன் தொண்டையில் குடியிருக்காத குரல் கிடையாது. ஆசான் கேட்க வந்த கூட்டத்தோடு வாயை மூடி உட்கார்ந்திருக்க, அவர் குரல் திரைக்குள்ளிருந்து வந்தது. நடுவில் அவர் செருமுகிற செருமல்கூட வந்தது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கடைசியில் ஒரு வரியைத் தானாகச் சேர்த்தான்.

"ஆசான் இன்று தொழுவம் கூட்டுக."

சிரிப்பு நின்றுவிட்டது.

ஆசான் எழுந்து போய்த் துடைப்பத்தை எடுத்தார்.

நாற்பது மாடு. அவருக்கோ கூன் விழுந்த முதுகு. உச்சிவெயில் வரை பொறுத்துப் பார்த்த செங்கோடன் தொழுவத்துக்கு ஓடினான்.

"ஐயா, அந்த வரி ஏட்டிலேயே இல்லை."

"தெரியும். எனக்கு ஏடு மனப்பாடம்." ஆசானின் குரல் கரகரத்தது.

"பிறகு எதற்குக் கூட்டுகிறீர்கள்?"

"போன மாதம் மேலூரும் கீழூரும் அரிவாளோடு வந்து நின்றதே. எதைக் கேட்டுக் கீழே போட்டார்கள்?"

திரைக்குள்ளிருந்து வந்த ஒரே ஒரு வரியைக் கேட்டு. செங்கோடன் அன்று அங்கேதான் நின்றிருந்தான்.

துடைப்பத்துக்குக் கை நீட்டினான். ஆசான் தரவில்லை.

"என் பெயரைத்தானே வாசித்தாய்" என்றார்.

மறுநாளும் அவருக்குத் தொண்டை திறக்கவில்லை. கண்ணை மூடிக் கயிறு சாத்தி, ஏட்டைச் செங்கோடனிடமே நீட்டினார்.

திரைக்குள் போய்ப் பிரித்தான். வரியைப் பார்த்ததும் குப்பென்று வியர்த்தது. ஒரு வரி தள்ளி வாசித்தால் வெளியே ஒருவருக்கும் தெரியாது. கண்ணை மூடிக் கயிறு சாத்திய ஆசானுக்கும் தெரியாது.

கயிறு கிடந்த வரியிலேயே விரலை வைத்தான்.

பிறகு வாசித்தான்.

"ஏட்டில் இல்லாததை ஏடென்று வாசித்தவன் ஓராண்டு வாய் திறவாதிருக்க."

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. அது ஆசானின் குரல் அல்ல. அவர்கள் இதுவரை கேட்ட எந்தக் குரலும் அல்ல.

"யாருப்பா அது, வாசிச்சது?" என்று கேட்டாள் மேலூர்க் காத்தாயி.

செங்கோடன் திரையை விலக்கி வெளியே வந்தான்.

பதில் சொல்லவில்லை.