ஸ்க்ரூட்டினி என்றால் என்ன?

பயணியர் விடுதிச் சமையல்காரி மாடத்திக்கு அன்று காலை ஒன்றுமே புரியவில்லை. வரப்போகும் இன்ஜினீயருக்காக வைத்திருந்த கோழிக்குழம்பு, சட்டியோடு காணாமல் போயிருந்தது. விடுதியைச் சோதிக்க வந்து தங்கியிருந்த அதிகாரி சபாரத்தினம் தன் அறை வாசலிலேயே அவளைப் பிடித்துக்கொண்டார்.

“நான் விரதம் இருக்கிறவன். வேற யாரும் இங்க இல்லை. அப்போ நீதான் எடுத்திருக்கணும். உன் வீட்டை ஸ்க்ரூட்டினி பண்ணப் போறேன். குழம்பு வரலைன்னா வேலை போயிடும். அட்டென்ஷனோட கேளு.”

“அதெல்லாம் என்னங்கய்யா?”

அர்த்தம் கேட்டால் போதும், அவருக்குக் கோபம் பறந்துவிடும். “லத்தீன்லேருந்து வந்த வார்த்தைங்க. அட்டென்ஷன்னா மனசை ஒண்ணை நோக்கி நீட்டறது. ஸ்க்ரூட்டினின்னா கந்தல், குப்பையைக்கூட விடாமக் கிளறிப் பார்க்கறது.”

மனசை எப்படி நீட்டுவது என்று தெரியாமல் அவள் கழுத்தை நீட்டினாள். அவர் தோளுக்குப் பின்னால், கட்டிலடியில் ஒரு பூனை பழைய துணியைப் பிராண்டிக்கொண்டிருந்தது. துணிக்குள் சட்டியின் விளிம்பு தெரிந்தது.

“எனக்கு ஒரே குழப்பமா இருக்குங்கய்யா. உங்க கட்டிலுக்கடியிலயும் ஒரு கந்தல் கிடக்கு. அதுலேருந்து ஆரம்பிக்கலாமா?”

அவர் திரும்பினார். பூனை ஒரு எலும்பைக் கவ்விக்கொண்டு வந்து அவர் காலடியில் உட்கார்ந்தது.

அவர் அறைக் கதவை இழுத்துச் சாத்தினார். பிறகு, “ஸ்க்ரூட்டினி முடிஞ்சுது, நீ போ” என்றார்.

“என் வேலைங்கய்யா?”

“அது இருக்கு.”

“சரிங்கய்யா. இன்ஜினீயருக்கு மறுபடி கோழி வைக்கிறேன். உங்களுக்கு விரதக் கஞ்சிதானே?”

“ஆமாம்” என்றார் சபாரத்தினம், பூனையைப் பார்த்தபடி.