மொடக்குப்பாறையில் சைக்கிள் விட்ட கதை

மொடக்குப்பாறை எங்கே இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். "இங்கியேதான் இருக்குதுங்க, எங்கியும் போகலியே" என்பார்கள். நாமக்கல் பக்கம் ஒரு மலைமேல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும். அந்த ஊரில் மலைச் சைக்கிள் கழகம் என்று ஒன்று உண்டு. தலைவர் அர்த்தநாரி, செயலாளர் செங்கோடன், பொருளாளர் ராக்கியண்ணன். உறுப்பினர் என்று ஒருத்தராவது இருக்க வேண்டாமா என்று வையாபுரியைச் சேர்த்திருந்தார்கள். கழகத்தில் சைக்கிள் வைத்திருந்ததும் அவன் ஒருத்தன்தான். அதற்கும் செயின் கிடையாது.

நாலு பேரில் புத்திசாலி செங்கோடன். இதை அவனே பல தடவை சொல்லியிருக்கிறான்.

ஊருக்கு ஏதாவது நடத்திக்கொண்டே இருக்க வேண்டும் அவனுக்கு. மழை பொய்த்த வருஷம் ஏரியில் பரிசல் போட்டி வைத்தான்; பாவம், பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார்கள். அடுத்து கண் பரிசோதனை முகாம். கண் சரியில்லாதவர்கள் மலை ஏறி வர முடியாது என்று யோசித்து, பார்வை நன்றாக உள்ளவர்களாகப் பார்த்துக் கூட்டி வந்தான். டாக்டர் அன்றைக்குப் போனவர்தான்.

சைக்கிள் போட்டி என்று அவன் ஆரம்பித்ததும் அவன் மனைவி பூங்கொடி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, இதுதான் கடைசி. இதுவும் ஊர் சிரிக்கிற மாதிரி ஆச்சுன்னா, திங்கக்கிழமை முத பஸ்ஸுல எங்கண்ணன் பட்டறைக்குப் போய்ச் சிமெண்டுக் கல்லுத் தூக்கோணும். சொல்லிப்போட்டேன்."

மச்சான் நல்லதம்பியின் ஹாலோபிளாக் பட்டறையைச் செங்கோடன் பார்த்திருக்கிறான். அங்கே உட்காருவதற்கு ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. ஒரே ஒரு தடவை சும்மா பார்க்கலாமே என்று ஒரு கல்லை நகர்த்தப் போய், அந்தப் பொங்கல் முழுக்கக் குனிந்தபடியே கொண்டாடியவன் அவன். இந்தப் போட்டி மட்டும் சொதப்பக்கூடாது என்று ஊர்ச்சாமி கருப்பனாருக்குக் காசு முடிந்து வைத்தான்.

அதனால்தான் கோயமுத்தூரில் இருந்து ஜெரால்டு என்கிற பயிற்சியாளரைக் கூட்டி வந்தான். போட்டிக்கு முன்னால் கழகத்துக்காரர்களுக்கு ஒரு பயிற்சி முகாம். நல்ல மனுஷன் ஜெரால்டு. வரும்போதே இரவல் சைக்கிள் நாலைந்தும் கொண்டுவந்திருந்தார்.

"முதல்ல எல்லாச் சைக்கிளுக்கும் நல்லாக் காத்தடிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டு அவர் டிபன் சாப்பிடப் போனார். திரும்பி வந்து பார்த்தால், சைக்கிள்கள் எல்லாம் மலை விளிம்பில் வரிசையாக மேற்கே பார்த்து நிற்கின்றன.

"இன்னிக்குக் காத்து கொஞ்சம் கம்மிங்க சார். பொழுதிறங்கினா நல்லா அடிக்கும்" என்றார் தலைவர் அர்த்தநாரி.

"ஒரு பக்கம் அடிச்சிருச்சுங்க. மறுபக்கம் திருப்பி வெச்சிருக்கறோம்" என்றார் ராக்கியண்ணன்.

செங்கோடனுக்கு மானம் போய்விட்டது. பயிற்சியாளரைத் தனியே தள்ளிக்கொண்டு போனான். "மன்னிச்சுக்குங்க சார், வெவரம் பத்தாத ஆளுக. காத்துக்காகப் போய்க் காத்துக்கிட்டு நிக்கறாங்க பாருங்க. நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்" என்றவன், வீட்டில் இருந்து முறத்தை எடுத்துவந்து ஒவ்வொரு சைக்கிளுக்கும் வியர்க்க வியர்க்க விசிறினான்.

ஜெரால்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

மறுநாள் பலாமரத்து வளைவுக்கு எல்லாரையும் கூட்டிப் போனார். மேலிருந்து வரும் பாதை பஸ் சாலையோடு சேரும் இடம்; மலைப்பாதையிலேயே மோசமான வளைவு அதுதான். "இது உங்களுக்கு நல்லாத் தண்ணி காட்டும், பாத்துக்குங்க. இங்க நிமிர்ந்து உக்காரவே கூடாது. சைக்கிளோட சேர்ந்து நீங்களும் படுக்கணும்" என்று சொல்லிவிட்டு, பார்த்து நேரம் குறிப்பதற்காகக் கீழே போய் நின்றார்.

அவர் தலை மறைந்ததும் வையாபுரி சொம்பைக் கையில் எடுத்துக்கொண்டான். "தண்ணி எந்தப் பக்கமிருந்துங்க காட்டும்?"

"அது காட்டும்போது காட்டும். முதல்ல படுக்கற வழியைப் பாரு" என்றார் அர்த்தநாரி. படுக்கும் முன் ஒரு சந்தேகம் வந்தது அவருக்கு. "ஏப்பா, இங்க வடக்கு எது?"

"பலாமரம் இருக்கறது வடக்குங்க."

"அப்ப அந்தப் பக்கம் தலை வெக்கக்கூடாது. சைக்கிளுக்கும் சேத்துத்தான் சொல்றேன். ஹேண்டில்பாரைத் தெக்க வெய்யி."

நாலு பேரும் தெற்கே தலைவைத்து, சைக்கிளை அணைத்துக்கொண்டு சாலையில் படுத்துவிட்டார்கள். அரை மணி நேரம் கழித்து டவுன்பஸ் வந்தது. டிரைவர் ஹார்ன் அடித்தார், திட்டினார், கடைசியில் இறங்கியே வந்துவிட்டார். செங்கோடன் படுத்த வாக்கிலேயே, "பயிற்சி நடக்குதுங்க, சத்தம் போடாதீங்க" என்றான்.

மூன்றாம் நாள் ஜெரால்டு, தானே ஓட்டிக் காட்டுவது ஒன்றுதான் வழி என்று முடிவுக்கு வந்தார். "நான் உச்சியில இருந்து வேகமா வருவேன். பாதையில ஒரு குச்சிகூடக் கிடக்கக்கூடாது. எல்லாத்தையும் எடுத்துடுங்க. எல்லாத்தையும்னா எல்லாத்தையும்!" என்றார்.

எடுத்துப் போடுகிற வேலை என்றால் மொடக்குப்பாறைக்காரர்கள் சலிக்கவே மாட்டார்கள். கல்லை எடுத்தார்கள், சருகைக் கூட்டினார்கள். ஓடையின் குறுக்கே பாலமாகப் போட்டிருந்த பலகைகளைப் பார்த்து அர்த்தநாரி தயங்கினார்.

"இது பாதையில கிடக்குதா, ஓடைமேல கிடக்குதா?"

"ஓடைமேல கிடக்கறது பாதை. பாதையா கிடக்கறது பலகை. அப்ப பலகை பாதையிலதான் கிடக்குது" என்று தீர்ப்புச் சொன்னான் செங்கோடன். பலகைகளை எடுத்து ஓரமாக அடுக்கினார்கள்.

ஜெரால்டு வந்த வேகம் இருக்கிறதே, அடேயப்பா! ஓடை வரைக்கும் அப்படி வந்தார். அதற்கப்புறம் சைக்கிள் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக வந்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. கால் மட்டும் முறிந்துவிட்டது.

வேனில் ஏற்றும்போதும் கடமை தவறவில்லை அந்த மனுஷன். செங்கோடன் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லாக் கேட்டுக்குங்க. போட்டியன்னைக்குக் கொடி அசைஞ்சதும் மேல இருந்து சைக்கிளை விடணும். அதுக்கு முன்னாடி ஒருத்தரும் விடக்கூடாது. கீழே முதல்ல வர்றவருக்குக் கோப்பை. முக்கியமான விஷயம், ஒருத்தருக்கும் அடிபடவே கூடாது. போதும், என்னோட போகட்டும்."

அன்றைக்குச் சாயங்காலம் கழகத்தின் அவசரக் கூட்டம் டீக்கடையில் கூடியது.

"சைக்கிளை விடோணும்னு சொன்னாரு. சரி. ஏறி உக்காந்து விடோணும்னு சொன்னாரா?" என்று ஆரம்பித்தார் அர்த்தநாரி.

"ஏறறதைப் பத்திப் பேச்சே எடுக்கலீங்க" என்றார் ராக்கியண்ணன்.

"ஆனா ஊருலகத்துல ஏறித்தானுங்களே விடறாங்க?" என்று வையாபுரி இழுத்தான்.

செங்கோடன் சிரித்தான். இந்த மாதிரி நேரத்தில்தான் தன் மூளையை நினைத்து அவனுக்கே பெருமையாக இருக்கும். "வையாபுரி, கோழியை விடறோம். ஏறி உக்காந்தா விடறோம்? பட்டம் விடறோம், அதுமேல ஏறறமா? ஒருத்தருக்கும் அடிபடக்கூடாதுன்னாரே, ஏன்? ஏறினவர் கால் என்னாச்சுன்னு பாத்தியில்ல? ஏறாதே, வெறுமனே விடு. அதைத்தான் அந்த மனுஷன் வலியோட வலியாச் சொல்லிட்டுப் போயிருக்கறாரு."

அப்படியே விடுவதென்று கூட்டம் கைதட்டி ஏற்றுக்கொண்டது. பலகையைத் திரும்பப் போட வேண்டும் என்பதும் ஒருமனதாக நிறைவேறியது, சைக்கிள் நனைந்துவிடுமே என்று.

சனிக்கிழமை விடிந்தது. சேலம், ஈரோடு, பெங்களூரு என்று பல ஊர்களில் இருந்து பையன்களும் பெண்களும் வந்து உச்சியில் இறங்கினார்கள். ஒவ்வொருத்தர் சைக்கிளும் ஒரு மோட்டார் சைக்கிள் விலை என்று பேசிக்கொண்டார்கள். "சைக்கிளை இப்படி வெச்சுப்போட்டு, கோயிலுக்குப் பின்னால போய்ப் பொங்கல் சாப்பிடுங்க. போட்டிக்கு ஆகறதை நாங்க பாத்துக்கறோம்" என்று அன்பாகச் சொன்னான் செங்கோடன். இவ்வளவு நல்ல ஏற்பாட்டை எங்கேயும் பார்த்ததில்லை என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

மூங்கிலில் கொடியைக் கட்டி நட்டாயிற்று.

"அசைச்சிரலாங்களா?" என்று வையாபுரி கம்பைப் பிடித்தான்.

"எடுடா கையை!" என்று பதறினார் அர்த்தநாரி. "அசைஞ்சதும்னுதான் சொன்னாரு. அசைச்சதும்னு சொல்லலை. அது தானா அசையோணும்."

கோப்பையோடு கீழே போய்விட்ட ராக்கியண்ணன் போக மற்ற மூன்று பேரும், உதவிக்கு வந்திருந்த ஊர்க்காரர்களும், ஆளுக்கு இரண்டு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கொடியையே வெறித்துப் பார்த்தார்கள். இலை அசையவில்லை. செங்கோடனுக்கு முதுகு இப்போதே வலிக்கிற மாதிரி இருந்தது. காற்றே இல்லாவிட்டால் போட்டியே இல்லை. போட்டி இல்லாவிட்டால் சிமெண்டுக் கல். கருப்பனாரே, கொஞ்சம் ஊதேன் என்று வேண்டிக்கொண்டான்.

ஊதினார். கொடி படபடத்தது.

"விடு!" என்று கத்தினான் செங்கோடன்.

விட்டார்கள். அத்தனை சைக்கிளும் கலகலவென்று சரிவில் பாய்ந்தன. பாதியைக் காபித் தோட்டம் வாங்கிக்கொண்டது. இரண்டு ஒன்றையொன்று கட்டிக்கொண்டு பலாமரத்து வளைவில் படுத்தன. "சார் சொன்ன மாதிரியே படுக்குது பாருங்க" என்று அர்த்தநாரிக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்குள் கோயிலுக்குப் பின்னால் சத்தம் கேட்டது. இலையும் கையுமாக ஓடிவந்த போட்டியாளர்கள், "ஐயோ என் சைக்கிள்! ஐயோ என் சைக்கிள்!" என்று அலறிக்கொண்டு மலையிறங்கினார்கள். இவ்வளவு ஆர்வத்தை செங்கோடன் எதிர்பார்க்கவில்லை.

அவன் படிக்கட்டுப் பாதையில் குறுக்கே இறங்கி, முடிவுக் கோட்டுக்கு ஓடினான். அங்கே பொறுப்பாக நின்றிருந்தார் ராக்கியண்ணன். கையில் கோப்பை இல்லை.

"கோப்பை எங்கீங்ணா?"

"குடுத்தாச்சு."

"இன்னும் சைக்கிளே வரலியே, யாருக்கு?"

"முதல்ல வர்றவருக்குன்னுதானே சொன்னாரு? இவருதான் முதல்ல வந்தாரு. காலம்பறயே வந்துட்டாரு." ராக்கியண்ணன் காட்டிய இடத்தில் மாலைப் பத்திரிகை நிருபர் ஒருத்தர், கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, கோப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

செங்கோடன் விடவில்லை. சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. "கோட்டைத் தாண்டித்தான் வந்தாரா?"

"தாண்டித்தான் வந்தாரு. என் கண்ணால பாத்தேன்."

"அப்பச் சரி."

அப்போது ஒரே ஒரு சைக்கிள், ஆளில்லாமல், பலகையைத் தாண்டி, வளைவை நெளிவாக ஒடித்து, கோட்டைக் கடந்து வந்து தோரணத்துக்குக் கட்டியிருந்த வாழைமரத்தில் சாய்ந்து நின்றது. ஊரே கைதட்டியது. பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்த ஈரோட்டுப் பையன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "இதுல நான் ஏறி ஒரு தடவைகூட ஜெயிச்சதில்லைங்க!" என்று அழுதுவிட்டான்.

மற்றவர்கள் அழவில்லை. "எவன்டா செயலாளர்?" என்று தேடினார்கள். கூட்டத்தில் பூங்கொடியின் முகம் தெரிந்தது. அவள் வாயைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள். சிரிக்கிறாளா, வைகிறாளா என்று தெரியவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே செங்கோடன் ராக்கியண்ணனுக்குப் பின்னால் நகர்ந்தான்.

நிருபர் எழுந்து செங்கோடனிடம் வந்தார். கோப்பை வாங்கிய மனுஷன், அவருக்கும் மனசாட்சி இருக்காதா?

"யாருக்காவது அடிபட்டுதாங்க?"

"இல்லீங்க."

"ஒரு கீறல்கூட?"

"இல்லீங்க."

"மலைச் சைக்கிள் போட்டியில இப்படி நடந்ததே இல்லீங்களே!" என்று எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் பெரிய எழுத்தில் வந்துவிட்டது: 'ஒருவருக்கும் கீறல் இல்லை! சைக்கிள் போட்டியில் மொடக்குப்பாறை சாதனை!' கீழே படத்தில், கோப்பையோடு நிருபர். டீக்கடையில் நாலு தடவை சத்தமாகப் படித்தார்கள்.

பூங்கொடிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். "நாங்கூட என்னமோன்னு நெனச்சுப்போட்டேன். ஜெயிச்சுட்டீங்க. இனி அந்தக் கல்லு வேலையை விட்டுத் தள்ளுங்க" என்றாள்.

செங்கோடனுக்கு அப்பாடா என்று இருந்தது. ஆனால் இரண்டாவது கவளத்தில் ஒரு யோசனை வந்து, சாப்பாட்டை அப்படியே விட்டு எழுந்து கழகத்தைக் கூட்டினான்.

"வேலையை விடச் சொல்லிட்டா. ஆனா நான் இன்னும் சேரவே இல்லியே. சேராத வேலையை எப்படி விடறது?"

அர்த்தநாரி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "ஏறாம சைக்கிளை விடலாம். சேராம வேலையை விட முடியாது. அது வேற, இது வேற. முதல்ல போய்ச் சேரு. சேர்ந்த கையோட விட்டுப்போட்டு வந்துரு."

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில், கழுத்தில் மாலையோடு செங்கோடனை ஏற்றிவிட்டார்கள். பூங்கொடி தோட்டத்தில் இருந்து வந்து பார்க்கும்போது பஸ் மலையிறங்கி விட்டது.

ஒரு வாரம் கழித்து அவனிடமிருந்து போன் வந்தது. பின்னால் சிமெண்டு கலக்குகிற மிக்ஸர் மிஷின் ஓடுகிற சத்தம்.

"ஏனுங்க, எங்கிருக்கறீங்க? அதான் வேலையை விட்டுத் தள்ளுங்கன்னு சொன்னேனில்ல?" என்று கத்தினாள் பூங்கொடி.

"அதுக்குத்தான் புள்ள ராப்பகலாப் பாடுபடறேன்! மொத நாளே விட்டிருப்பேன். ஆனா நான் கல்லுத் தூக்கற தூக்கைப் பாத்துட்டு உங்கண்ணன் விடமாட்டேங்கறாரு." செங்கோடனின் குரலில் பெருமை பொங்கியது. "அடுத்த மாசம் மேஸ்திரியாக்கறேங்கறாரு. கொஞ்சம் பொறுத்துக்க. மேஸ்திரி ஆயிட்டா இன்னும் மரியாதையா விடலாம்."